இருபது நாள் உப்பு

அத்தியாயம் 7

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அரைக்கண் மேடத்துக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பதினெட்டு வருஷத் துப்பறியும் தொழிலில் அவர் ஏறி இறங்கிய எந்த மாடி வீட்டிலும் லிஃப்ட் வேலை செய்ததாக நினைவில்லை. பொய் சொல்கிறவர்கள் எல்லாம் ஏன் மேல் மாடியிலேயே குடியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஆனால் உட்கார நேரம் கிடைத்தால் அவர் யோசிக்க மாட்டார், தூங்கிவிடுவார்.

எப்போதும் பாதி மூடியிருக்கும் கண்களால் வந்த பெயர் அது. தூக்கம்தான் காரணம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையும் அதுதான்.

"இன்னும் ரெண்டு ஸ்டாப்பிங்தான் மேடம்," என்றார் முன்னால் ஏறிக்கொண்டிருந்த உதவியாளர். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்துவிட்டு ஓய்வு பெற்ற கண்டக்டர். வேலைதான் ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை. மேடத்தைவிட ஆறு வயது பெரியவர், ஆனால் முழங்கால் மட்டும் இருபது வயது சின்னது.

மேடம் கையை மட்டும் ஆட்டினார். பேச மூச்சு மிச்சமிருந்தால்தானே.

விஷயம் இதுதான். வீடு வீடாகப் போய்க் கடல் மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் ஒருவரைப் போலீஸ் நான்கு நாளாக உள்ளே வைத்திருந்தது. நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். இந்த நான்காவது மாடியில் குடியிருந்த பல் டாக்டரைக் கொன்று, உடலை எங்கோ மறைத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. தொட்டிக்காரரின் மனைவி நேற்று மேடத்தின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மடியில் ஒரு பை, பைக்குள் மடித்து வைத்த கட்டம் போட்ட சட்டை. மாற்றிக்கொள்ளக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஸ்டேஷனில் வாங்கவில்லையாம். "அவரு ஒரு செத்த மீனைக்கூட சட்டுனு தூக்கிப் போட மாட்டாருக்கா," என்றாள். அழவில்லை. அழுகையெல்லாம் முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

போலீஸ் கையில் மூன்று விஷயங்கள் இருந்தன. பத்து நாளுக்கு முந்தைய ஞாயிறு காலை டாக்டர் வீட்டில் இருந்தார் என்று டாக்டரின் மனைவி சொன்னது ஒன்று. அன்று தொட்டிக்காரர் அந்த வீட்டுக்குள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததை எதிர் வீட்டு டெய்லர் கேட்டது இன்னொன்று. பிறகு அவர் ஈரத்துணியால் மூடிய ஒரு டப்பாவை, தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு இறங்கியதை வாட்ச்மேன் பார்த்திருந்தார். அதற்குப் பின் டாக்டரை யாரும் பார்க்கவில்லை.

தொட்டிக்காரர் சொன்னதோ வேறு. டாக்டரை நான் பார்க்கவே இல்லை, குளித்துக்கொண்டிருக்கிறார் என்று டாக்டரம்மா சொன்னார்கள், தொட்டி கெட்டுக் கிடந்த ஆத்திரத்தில் குளியலறைக் கதவைப் பார்த்துக் கத்தினேன், டப்பாவில் கொண்டுபோனது சாகக் கிடந்த இரண்டு பவளங்கள். இதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தாராம்.

நான்காவது மாடியில் மேடம் காலிங்பெல்லைத் தொடுவதற்கு முன்பே கதவு திறந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள் டாக்டரம்மா. ஐம்பதை நெருங்கிய, ஒடிசலான அம்மாள். இவர்கள் இருவரையும் பார்த்தாள், பிறகு இவர்களுக்குப் பின்னால் இருந்த வெறும் படிக்கட்டைப் பார்த்தாள், அப்புறம்தான் உள்ளே வரச் சொன்னாள்.

கூடத்தில் பாதியை அந்தத் தொட்டியே எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற நீளம், நானூறு லிட்டர். நீல விளக்கு வெளிச்சத்தில் பாறை, பாறை மேல் பவளங்கள், நடுவில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். கீழ் அலமாரிக்குள் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது பவளங்கள் எல்லாம் முகம் கொடுக்காத விருந்தாளிகள் மாதிரி சுருங்கிக் கிடந்தன. கண்ணாடி விளிம்பில் உப்புப் பூத்திருந்தது.

பக்கத்தில் அழித்து எழுதும் சின்ன வெள்ளைப் போர்டு. இன்றைய தேதி, சூடு 26, உப்பு 35 என்று மூன்று வரி.

"இதை யாரும்மா எழுதறது?" என்று கேட்டார் மேடம்.

அவர்தான் எழுதுவார், அவர் போன பிறகு நான் எழுதுகிறேன் என்றாள் டாக்டரம்மா.

மேடம் கைப்பையிலிருந்து ஒரு சாண் நீளக் குழாய் ஒன்றை எடுத்தார். உப்பளக்கும் மீட்டர். தொட்டிக்காரரின் மனைவி அதைக் கொடுத்து, பார்க்கும் விதத்தையும் சொல்லி அனுப்பியிருந்தாள். முனையில் உள்ள கண்ணாடியில் இரண்டு சொட்டுத் தொட்டித் தண்ணீர் விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கண்டக்டரிடம் நீட்டினார். கண்டக்டரும் பார்த்தார்.

நாற்பத்திரண்டு.

"போர்டுல ஒரு ஊர் போட்டிருக்கு, வண்டி வேற ஊருக்குப் போயிட்டிருக்கு," என்று முணுமுணுத்தார் கண்டக்டர்.

டாக்டரம்மா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே மாதிரி ஒன்று வீட்டில் இருந்தது, இப்போது காணவில்லை, அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என்றாள். அதைச் சொன்ன விதத்தில் கபடம் இல்லை. அதுதான் மேடத்துக்கு இடித்தது. மீட்டரே இல்லாதவள் தினமும் எதைப் பார்த்து முப்பத்தைந்து என்று எழுதுகிறாள்?

கேட்கவில்லை. விடை தெரியாமல் கேள்வி கேட்டால் பொய்தான் வரும், அந்தப் பொய்யைச் சரிபார்க்க இன்னொரு நாலு மாடி ஏற வேண்டியிருக்கும். வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இறங்கும்போது எதிர் வீட்டு டெய்லரிடம் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்குச் சண்டையில் டாக்டர் என்ன சொன்னார்? டெய்லர் பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டு யோசித்தார். டாக்டர் ஒன்றும் பேசியதாக ஞாபகம் இல்லை, தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது என்றார்.

அந்த வட்டாரத்திலேயே கடல் மீன் சாமான் விற்கும் கடை ஒன்றுதான். மூன்று தெரு தள்ளி இருந்தது. கடைக்காரர் ஒரு கையைத் தொட்டிக்குள் விட்டிருந்தார், இன்னொரு கையைக் கன்னத்தில் வைத்திருந்தார். இடது கன்னம் வீங்கிப் பேச்சே குழறியது. பல் டாக்டர் தொட்டிக்குப் பதினைந்து வருஷமாகச் சாமான் கொடுத்துவருகிறாராம். வாங்க வருவது எப்போதும் தொட்டிக்காரர்தான், டாக்டரை ஒரு தடவை நேரில் பார்த்துப் பல்லைக் காட்டவேண்டும் என்று நினைத்து நினைத்தே காலம் போய்விட்டது என்றார்.

"கடல்ல இருந்துக்கிட்டே தாகத்துக்குத் தவிச்ச கதை," என்றார் கண்டக்டர்.

சிரித்தால் பல் வலிக்கும் என்று கடைக்காரர் சிரிக்கவில்லை.

நானூறு லிட்டர் தொட்டியில் உப்பு முப்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டு ஆக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் மேடம். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கேள்வியை அவர் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறவர் போலும்.

"ஒண்ணும் பண்ண வேணாம். நல்ல மனசு இருந்தாப் போதும்," என்றார்.

பிறகு விளக்கினார். தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் கிடக்கும். அதனால் குறைந்த அளவுக்கு வடிகட்டிய வெறும் தண்ணீரை ஊற்ற வேண்டும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள், கடல் ஆயிற்றே என்று பார்த்துப் பார்த்து உப்புக் கரைத்து ஊற்றுவார்கள். தினமும் கொஞ்சம் உப்புக் கூடும். ஆசையாய்ச் சோறு ஊட்டி ஊட்டியே கொல்வது மாதிரி.

"அந்தத் தொட்டியில ஒரு நாளைக்கு எவ்வளவு குறையும்?"

"நாலு லிட்டர். இந்த வெயிலுக்குக் கண்டிப்பா நாலு."

மேடம் கண்டக்டரைப் பார்த்தார். வாழ்க்கை முழுவதும் ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே கணக்குப் போட்டவர், உதட்டை அசைத்தார். நானூறில் நாலு என்றால் நூற்றில் ஒன்று. முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு ஆக, ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும்.

"இருபது நாள்," என்றார். சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்தார். "ஆனா டாக்டர் போயி பத்து நாள்தானே மேடம்?"

பத்து நாள் என்றால் மீட்டர் முப்பத்தெட்டரைதான் காட்டியிருக்க வேண்டும். அந்த எண் மேடத்துக்குப் பழக்கமான எண். அந்த ஞாயிறு மத்தியானம் தொட்டிக்காரர் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல், "முப்பத்தெட்டரை. டாக்டருக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று புலம்பினார் என்று அவர் மனைவி சொல்லியிருந்தாள். பதினைந்து வருஷம் தொட்டி வைத்திருப்பவர் வீட்டில் இருந்துகொண்டே பத்து நாள் உப்புத் தண்ணீர் ஊற்ற விடுவாரா? ஆக அந்த ஞாயிறன்றே அவர் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

"அப்ப தொட்டிக்காரர் யாரைப் பார்த்து சார் சார்னு கத்தினார்?"

"குழாயைப் பார்த்து," என்றார் மேடம். "சண்டைன்னா ரெண்டு குரல் வேணும் கண்டக்டரே. டெய்லர் கேட்டது ஒண்ணுதான்."

மறுபடியும் நான்கு மாடி. இந்த முறை கண்டக்டர் ஸ்டாப்பிங் எண்ணவில்லை. குசுகுசுவென்று பேசிக்கொண்டே ஏறினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள் அந்த அம்மாள், புருஷனை என்ன செய்தாளோ, தொட்டிக்கு அடியில் இருக்கிற அலமாரியைப் பார்க்க வேண்டும், பரண் இருந்தால் பரணையும் பார்க்க வேண்டும். மேடம் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். பரணில் ஒன்றும் இருக்காது என்று அவருக்கு ஏனோ தோன்றிக்கொண்டே இருந்தது.

இப்போதும் மணி அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது. இப்போதும் அவள் பார்வை முதலில் படிக்கட்டுக்குத்தான் போனது.

தண்ணீர் எப்படி ஊற்றுகிறீர்கள், கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டார் மேடம். டாக்டரம்மாவின் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. சமையலறைக்குப் போய் வாளியை எடுத்து வந்தாள். உப்பு டப்பாவின் மேல் போட்டிருக்கிற அளவைப் பார்த்து, கரண்டியில் அள்ளி, மேலே குவிந்ததைக் கத்தியால் வழித்துவிட்டு, கால் மணி நேரம் கலக்குவாளாம். ஒரு கட்டிகூட இருக்கக் கூடாதாம். அவர் சும்மா ஒரு குடத்தைத் தூக்கிச் சாய்ப்பதைத்தான் பார்த்திருக்கிறாள், உப்பை எப்போது கலப்பார் என்று பார்த்ததில்லை. அதனால் தானே படித்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள்.

"ஒரு நாள்கூட விட்டதில்ல," என்றாள்.

"எத்தனை நாளா?"

வாளி கைப்பிடி ஒரு தடவை கிரீச்சிட்டது.

"பத்து..."

"இருபதும்மா," என்றார் மேடம். "உங்க உப்பு சொல்லுது. நீங்க கரெக்டா அளந்து போட்டதாலதான் அதுவும் கரெக்டா சொல்லுது."

கண்டக்டருக்குப் பொறுமை இல்லை. டாக்டரை என்ன செய்தீர்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். டாக்டரம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

மேடமும் உட்கார்ந்தார், தொட்டிக்கு எதிரில் கிடந்த மர ஸ்டூலில். டாக்டர் உட்கார்ந்து தொட்டியைப் பார்க்கிற ஸ்டூலாக இருக்கும். முழங்கால் நன்றி சொன்னது. அங்கிருந்து பார்த்தபோதுதான், நின்று பார்த்தபோது தெரியாத ஒன்று கண்ணில் பட்டது. பாறை உச்சியில் செடி மாதிரிக் கிளை விட்ட பச்சைப் பவளம். அதில் ஒரு கிளை இல்லை. ஒடிந்து விழுந்ததில்லை, கூரான கத்தரியால் நறுக்கென்று வெட்டியது. வெட்டிய வாயை மூடிப் புதுச்சதை வளர்ந்துகொண்டிருந்தது. கை பழகியவன் வெட்டிய வெட்டு, தினமும் அடுத்தவர் வாய்க்குள் கத்தரி விடுகிற கை.

மேடம் அந்தக் கிளை இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்டக்டரின் போனை வாங்கிக் கடைக்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். கையில் பிடித்துக்கொண்டிருக்கவும் அலுப்பாக இருந்தது.

"இருபது நாளுக்குள்ள வெளியூர்லேர்ந்து புதுசா யாராவது தொட்டி சாமான் கேட்டாங்களா?"

ஒருத்தர் கேட்டார் என்றார் கடைக்காரர். பஸ்ஸில் ஆறு மணி நேரம் போகிற ஊர். போனிலேயே ஆர்டர். சின்னத் தொட்டி, விளக்கு, டாக்டர் வீட்டுக்குக் கொடுக்கிற அதே கம்பெனி உப்பு. புது ஆள் என்றாலும் பேச்சு பழம் தின்று கொட்டை போட்டவர் பேச்சாக இருந்தது. மூன்று நாள் முன்னால்கூட இன்னொரு பாக்கெட் உப்பு கேட்டுக் கூப்பிட்டார்.

"வேற ஏதாவது பேசினாரா?"

"வேற ஒண்ணுமில்ல. நான் குழறிப் பேசறதைக் கேட்டுட்டு, கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிப் பல்லான்னு கேட்டார். சரியாச் சொல்லிட்டாரு மேடம். ரொம்ப நாள் விடாதீங்கன்னாரு."

போனை அணைத்ததும் கூடத்தில் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

கொலையும் இல்லை, பிணமும் இல்லை. ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போயிருக்கிறான், அவ்வளவுதான். மேடத்துக்கு வெற்றி பெற்ற சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவரும் நான்கு மாதம், வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வேலை விஷயமா டூர் போயிருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். நான்கு மாதமும் படியில் சத்தம் கேட்டால் கதவைத் திறந்தவர்தான்.

டாக்டரம்மா அப்புறம் தானாகவே சொன்னாள். ஒரு வியாழக்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்தால் அவர் இல்லை, துணிப்பை இல்லை. கடிதம் எதுவும் இல்லை. கிளினிக்குக்குக் காய்ச்சல் என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்காரர் வந்தபோது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். தொட்டிக்காரர் போகும்போது அந்தக் கதவைப் பார்த்து, தண்ணீர் பார்த்து ஊற்றுங்க சார் என்று கத்திவிட்டுப் போனார். இவளும் மறுநாளிலிருந்து இன்னும் நன்றாகப் பார்த்து, இன்னும் நன்றாகக் கலக்கி ஊற்றினாள். போர்டில் அவர் கடைசியாக எழுதிவிட்டுப் போன முப்பத்தைந்தையே தினமும் எழுதினாள். நாத்தனார் வந்து போலீஸுக்கு இழுத்துக்கொண்டு போனபோது, பத்து நாளாகக் கிளினிக்கில் சொன்ன காய்ச்சல் பொய்யை விழுங்க முடியாமல் ஞாயிறு வரை இருந்தார் என்று சொல்லிவிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தொட்டிக்காரரைத் தூக்குவார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. தூக்கிய பிறகு வாய் வரவில்லை.

"இதை விட்டுட்டு அவரால இருக்க முடியாதுன்னு நெனச்சேன். என்னை விட்டுட்டு இருந்துடுவார். இதை விட்டுட்டு..." என்று தொட்டியைக் காட்டினாள். "அதான் சாக விடக் கூடாதுன்னு ஊத்திக்கிட்டே இருந்தேன்."

மேடம் பச்சைப் பவளத்தைச் சுட்டிக் காட்டினார். இதைச் சொல்லாமலே போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். ஆனால் ஸ்டேஷனில் ஒரு மனிதர் நான்கு நாள் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இந்த அம்மாள் இன்னும் காத்துக்கொண்டிருந்தால் நாளைக்கும் பொய்யைத்தான் சொல்வாள்.

"ஒரு கிளையை வெட்டி எடுத்துட்டுப் போயிருக்காரும்மா. பதியம் போட்டா அது அங்கேயே வளரும்."

டாக்டரம்மா எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெட்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தாள். இருபது நாளாகத் தினமும் எதிரில் நின்று தண்ணீர் ஊற்றியும் அவள் கண்ணில் அது பட்டதே இல்லை. அழுவாள் என்று கண்டக்டர் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அழவில்லை. போனைக் கொடுங்கள் என்று கை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் எடுத்ததும் தன்னை யாரென்று சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் காணாமப் போகலை சார். என்னை விட்டுட்டுப் போயிட்டார். அந்தத் தொட்டிக்காரரை விட்டுடுங்க, அவர் வந்தப்ப வீட்ல நான் மட்டும்தான் இருந்தேன்."

சொன்னால் போதாது, எழுதியும் கொடுக்க வேண்டும் என்று வரச் சொன்னார்கள். கடைக்காரரிடம் அந்த வெளியூர் ஆர்டர் நம்பரையும் வாங்கிக்கொண்டு கண்டக்டர்தான் கூடப் போனார். வழியில் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் மேடம் மூன்றாவது தடவையாக அந்தப் படிகளை ஏறினார். மீட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஸ்டேஷனிலிருந்து விட்டதும் தொட்டிக்காரர் நேராக அங்கேதான் போயிருக்கிறார் என்று அவர் மனைவி சொல்லியிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. காலடிச் சத்தத்துக்கு யாரும் ஓடி வரவில்லை.

கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு தொட்டிக்காரர் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. அவர் வீட்டுக்கு எடுத்துப்போன இரண்டு பவளங்களும் கவனிக்க ஆள் இல்லாமல் செத்துப்போயிருந்தன. டாக்டரம்மா சுவரோரமாக நின்று மன்னிப்புக் கேட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

"மீன் ரெண்டும் சாப்பிடுதாம்மா?" என்றுதான் கேட்டார்.

சாப்பிடுகிறது என்றாள்.

மேடத்திடமிருந்து மீட்டரை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, உப்பு டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளினார். நாளையிலிருந்து வெறும் தண்ணீர், வேறொன்றும் வேண்டாம், உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நான் வந்து எடுப்பேன் என்றார்.

"இன்னைக்கே சரி பண்ணிட முடியாதா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"முடியாதும்மா. மெதுவா ஏறினது, மெதுவாத்தான் இறங்கணும். ஒரேடியா எறக்கினா, இத்தனை நாள் தாங்கினதுகூட செத்துடும்."

அவள் தலையாட்டினாள். போர்டுக்குப் பக்கத்தில் போய், புடவைத் தலைப்பால் முப்பத்தைந்தை அழித்தாள். பேனா மூடியைத் திறந்து, தொட்டிக்காரரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதினாள்.